மச்சத்தோடு போனவள்

முகத்து மச்சத்தை எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். தழும்பு தெரியுமா, டாக்டர்? அதற்கான பதிலை, இந்தத் தொழிலுக்கு வந்த முதல் மாதத்திலேயே நீங்கள் மனப்பாடம் செய்துவிடுவீர்கள். தையல் பிரித்ததும் சிவப்பாக ஒரு கோடு இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் அது கொஞ்சம் தடிக்கும், பயப்படாதீர்கள். வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சொறியாதீர்கள், ஒரு வருடத்தில் மங்கிவிடும். அல்சூரில் ஏரிக்குப் பக்கத்தில் இருந்த என் சிறிய கிளினிக்கில் உட்கார்ந்து இதை நான் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் அப்படியேதான் நடந்தும் இருக்கிறது.

அறுப்பதையும் தைப்பதையும் என்னைவிட நன்றாகவே நீங்கள் கற்றுக்கொண்டு வந்திருப்பீர்கள். அதில் நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது ரேவதி என்ற பெண்ணையும் அவள் அம்மாவையும் பற்றி. நடந்தது தொண்ணூறுகளின் நடுவில். மருத்துவத்தில் எந்தக் குறையும் இல்லாமல் முடிந்த ஒரு சிகிச்சை அது. இன்றைக்கு வந்தாலும் அதே இடத்தில் அதே மாதிரிதான் அறுப்பேன். அதனால்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

ரேவதிக்கு அப்போது முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில், பெயிண்ட் அடித்து வரும் பாகங்களைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை. நாள் முழுக்க முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும். இடது கன்னத்தில் மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, மேடாக ஒரு கறுப்பு மச்சம். முகமூடியின் பட்டை சரியாக அதன் மேல் உரசி அடிக்கடி ரத்தம் கசிந்தது. எடுத்துவிடுவதுதான் நல்லது என்று சொன்னேன்.

"அம்மாவுக்குத்தான் மேடம் வருத்தம்," என்றாள். "சாமியே வெச்ச திருஷ்டிப் பொட்டு, அதப் போயி எடுக்குறியேங்குறாங்க. அப்புறம் அவங்களே, சரி போ, ரத்தம் வருதேன்னாங்க."

எடுக்கிற அன்று அம்மாவையும் அழைத்து வந்தாள். காந்தம்மா என்று பெயர். வெள்ளைத் தலை, சுங்குடிப் புடவை, நிமிர்ந்து உட்காருகிற பெண்மணி. அல்சூர் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் இருவர் மட்டும்தான் குடியிருந்தார்கள். அப்பா இறந்து வெகுகாலமாகியிருந்தது. மகள் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு வெளியே பெஞ்சில் இருந்தார். கன்னத்தில் பிளாஸ்திரியுடன் அவள் வெளியே வந்ததும் எழுந்து அவள் தலையைத் தடவினார். வலிச்சுதா என்று கேட்டார். எல்லாம் இயல்பாகவே இருந்தது. எடுத்த துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். கெடுதல் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. தையல் பிரித்தபோது புண் அழகாகக் கூடியிருந்தது. பிளாஸ்திரி இல்லாமல் அவளை வீட்டுக்கு அனுப்பினேன்.

அதற்குச் சில நாள் கழித்து, ஒரு மத்தியான வேளையில் காந்தம்மா தனியாக கிளினிக்குக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. முறைப்படி காத்திருந்து, முறை வந்ததும் உள்ளே வந்து, எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கீங்கம்மா? ரேவதி வரலியா?" என்று கேட்டேன்.

"அதத்தான் கேக்க வந்தேன்," என்றார். "ரேவதிய எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்க?"

எனக்குப் புரியவில்லை. அவள் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டாளே என்றேன். அவர் பொறுமையாகத் தலையசைத்தார், தெரியாதவளுக்கு விளக்குவது போல.

"வந்தது அவ இல்லம்மா. வேற யாரோ. என் பொண்ணு மச்சத்தோட உள்ள போனா, நான் வாசல்லயே உக்காந்திருந்தேன். நீங்க வெளிய அனுப்புனது வேற பொண்ணு. முகத்துல பிளாஸ்திரி ஒட்டியிருந்ததால மொதல்ல எனக்குத் தெரியல. அதப் பிரிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. நல்ல பொண்ணுதான், மரியாதையா நடந்துக்குது. நான் குத்தம் சொல்லல. ஆனா என் பொண்ணு எனக்கு வேணுமில்ல?"

கோபம் இல்லை, அழுகை இல்லை. துணிப்பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து என் மேஜைமேல் வைத்தார். மடித்த புடவை ஒன்று, ரவிக்கை, உள்பாவாடை, ஒரு சீப்பு. "மாத்துத் துணி கொண்டாந்தேன். இத்தன நாளா ஒரே துணியோட இருப்பா. அவகிட்ட குடுத்துடுங்க."

நர்ஸ் கௌரம்மா என் பின்னால் நின்றிருந்தாள். எதற்கும் அசராத, ஹாசன் ஜில்லாப் பக்கத்துக்காரி. அவள் கை என் நாற்காலியின் முதுகைப் பிடித்ததை உணர்ந்தேன்.

காந்தம்மா எழுந்தார். சிகிச்சை அறையின் கதவருகே போய், தலையைச் சற்றே சாய்த்து, "ரேவதி," என்று கூப்பிட்டார். சத்தமாக இல்லை. தூங்குகிறவளை எழுப்புவது போல. பிறகு பதிலுக்காகக் காத்திருந்தார். உள்ளே யாரும் இல்லை என்று எனக்கும் கௌரம்மாவுக்கும் நன்றாகத் தெரியும். ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த அறையிலிருந்து பதில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

பதில் வராததால் திரும்பி வந்தார். "கன்னத்துல இருந்து எடுத்தீங்களே, அது எங்க?"

"டெஸ்டுக்கு அனுப்பிட்டோம்மா."

"எங்க?"

"ஒரு லேபுக்கு."

"அப்ப அங்கதான் அவளும் இருப்பா," என்றார். "அட்ரஸ் குடுங்க."

வேறு வழி தெரியாமல் கௌரம்மாவைத் துணைக்கு அனுப்பி அவரை வீட்டில் விடச் சொன்னேன். புடவையைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை. வெளியே காத்திருந்தவர்களில் ஒருத்தி, அவளும் முகத்து மச்சத்துக்காக வந்தவள், கதவு வழியாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் அடுத்து அவளைக் கூப்பிட்டபோது இருக்கை காலியாக இருந்தது.

தொழிற்சாலைக்குத் தகவல் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் ரேவதி ஓடி வந்தாள். இங்கே உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அவள் கதவருகே வந்து நின்றபோது, ஒரு நொடி, நானே அவள் முகத்தைத் தேடினேன். அறுவைச் சிகிச்சையின்போது முகத்தைப் பச்சைத் துணியால் மூடி நடுவில் ஒரு ஓட்டை விட்டிருப்போம். அந்த ஓட்டைக்குள் தெரிந்த தோல்தான் நான் அறிந்த ரேவதி. மச்சத்தின் அளவு, நிறம், ஓரம் எல்லாம் எனக்கு நினைவிருந்தது. மூக்கு எப்படி இருந்தது, கண் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இவள்தான் அன்றைக்கு உள்ளே வந்தவள் என்று என்னைச் சத்தியம் செய்யச் சொன்னால், அவள் கன்னத்தில் நான் போட்ட தையலின் கோட்டைத்தான் காட்ட முடிந்திருக்கும். வயதான ஒரு தாய் சொன்ன வார்த்தை என் அறைக்குள் அவ்வளவு தூரம் வந்துவிட்டது.

ரேவதி மேஜைமேல் இருந்த புடவையைப் பார்த்தாள். அது என்ன என்று கேட்கவில்லை. உட்கார்ந்து, வீட்டில் நடப்பதைச் சொன்னாள்.

"தையல் பிரிச்சுட்டுப் போன அன்னிக்கே ஆரம்பிச்சுது மேடம். கதவத் தெறந்து என்னைப் பாத்தாங்க. 'வாங்க, உக்காருங்க, ரேவதி வர்ற நேரந்தான்'னாங்க. வெளையாடுறாங்கன்னு நெனச்சேன். எங்கம்மா என்னை 'நீங்க'ன்னு கூப்புட்டதே கெடையாது. தண்ணி கொண்டாந்து குடுத்து, எதிர்ல உக்காந்துகிட்டு, எந்த ஊரு, என்ன வேலைன்னு விசாரிச்சாங்க. நான்தாம்மா ரேவதின்னேன். என்னைப் பாத்து சிரிச்சாங்க. பொய் சொல்றவங்களப் பாத்து சிரிப்போமே, அந்த மாதிரி."

தினமும் ராத்திரிச் சாப்பாட்டை ஒரு தட்டில் போட்டு மூடி வைப்பாராம். ரேவதி அதன் பக்கத்தில் உட்கார்ந்தால், "அது அவளுக்கு வெச்சது, தொடாதீங்க," என்பாராம். படுக்கும்போது உள்ளே தாழ்ப்பாள் போட்டு, கதவுக்கு முட்டுக்கொடுத்து அண்டாவை நகர்த்தி வைப்பாராம். ரேவதி வெளி அறையில் படுத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம், அங்கே இல்லாத தன்னோடு தன் அம்மா பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாளாம். "அந்தப் பொண்ணு தூங்கிருச்சு. நீ வா."

இதற்கு முன்னால் அம்மாவுக்கு மறதி ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். யோசித்தாள். பாலை அடுப்பில் வைத்து மறப்பது, போன வழியே திரும்பத் தெரியாமல் கோயில் வாசலில் நிற்பது, இப்படிச் சில. வயசாகிறது என்று விட்டிருந்தாள். மனநல மருத்துவர் ஒருவர் எனக்கு நண்பர். அவரிடம் காட்டலாம் என்று சொன்னேன். "அம்மா பைத்தியம் இல்ல மேடம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் வற்புறுத்தவில்லை.

மறுபடி அவள் வந்தபோது கன்னத்தில் மச்சம் இருந்தது.

அதே இடம், அதே அளவு. கௌரம்மா பார்த்ததும் "அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு முணுமுணுத்துப் பின்வாங்கினாள். நான் பஞ்சால் துடைத்துப் பார்த்தேன். புருவத்துக்குத் தீட்டுகிற பென்சில். தினமும் காலையில் அதைத் தழும்பின்மேல் அழுத்தி வரைந்து, ராத்திரி தேய்த்துக் கழுவியிருக்கிறாள். அழகாக ஆறிக்கொண்டிருந்த கோடு சிவந்து, தடித்து, ஓரத்தில் கொப்புளமாகியிருந்தது.

"இதப் பாத்தா அடையாளம் தெரியும்னு நெனச்சேன்," என்றாள்.

"தெரிஞ்சுதா?"

"கிட்ட வந்து ரொம்ப நேரம் பாத்தாங்க. கையால தொட்டுப் பாத்தாங்க. அப்புறம், 'அவளோடத எடுத்து நீங்க ஒட்டிக்கிட்டீங்களா'ன்னு கேட்டாங்க. அப்ப இருந்து என்னைக் கண்டா பயப்படுறாங்க. நான் தொட்ட எதையும் சாப்புட மாட்டேங்குறாங்க. வெஷம் வெச்சிருக்கேனாம். நேத்து முழுக்கக் குழாத் தண்ணி மட்டுந்தான் மேடம். சர்க்கரை மாத்திரையும் நிறுத்திட்டாங்க. பக்கத்து வீட்டு மேரியக்கா கொண்டாந்து குடுத்தாலும், 'அவ குடுத்தனுப்புனதா'ன்னு கேட்டுட்டுத் தள்ளி வெச்சுடுறாங்க."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பென்சில்ல வரைஞ்சதால கண்டுபுடிச்சுட்டாங்க. நீங்க பச்சை குத்திடுங்க மேடம். கறுப்பா, பெருசா, போகவே போகாத மாதிரி. இப்பவே பண்ணுங்க. எனக்கு முகம் எப்படிப் போனாலும் பரவால்ல."

நீங்களும் ஒரு நாள் இந்த இடத்தில் நிற்பீர்கள். எதிரில் ஒருத்தி அழுகிறாள். வீட்டில் ஒரு உயிர் பட்டினி கிடக்கிறது. உங்கள் கையில் ஊசி இருக்கிறது, குத்தவும் தெரியும். செய்துவிட்டால் அந்த நிமிடத்துக்கு எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும் கை போகத்தான் பார்த்தது. என்னைத் தடுத்தது பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. அந்தப் புண்தான். ஆறாத தழும்பில் ஊசி குத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மையும் பரவும், தழும்பும் புடைக்கும். அதை யோசித்தபோதுதான் அடுத்தது தோன்றியது: நோய் அம்மாவிடம் இருக்கிறது, நான் மகளின் முகத்தில் மருந்து தேடுகிறேன். அழுதுகொண்டு கேட்கிறவரின் முகத்தில் அன்றைக்கே கை வைக்காதீர்கள். கேட்கிறவர் எவ்வளவு நல்ல காரணம் சொன்னாலும் சரி.

முடியாது என்று சொன்னேன். ஆம்புலன்ஸ் வைத்து அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம் என்றேன். "யாரோ வந்து இழுத்துட்டுப் போனா பயத்துலயே செத்துருவாங்க," என்றாள். அவர் நிலைமை இப்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யலாம் என்று என் மேஜைமேல் இருந்த போனை அவள் பக்கம் நகர்த்தினேன். அவர்கள் வீட்டில் போன் உண்டு. ஆனால் காந்தம்மா பெரும்பாலும் அதை எடுப்பதில்லை. வேலைக்குப் போகும்போது ரேவதி மேரியக்காவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டுப் போவாள், மேரியக்காதான் எடுப்பார்.

அன்றைக்கு மேரியக்கா எங்கோ எழுந்து போயிருந்தார் போலிருக்கிறது. ரேவதி, "ஹலோ, அக்கா," என்றாள். அவ்வளவுதான். மறுமுனையில் எழுந்த குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது.

"ரேவதி? ஏய், ரேவதி, எங்கடி இருக்க?"

ரேவதியின் முகம் வெளுத்துப்போனது. ரிசீவரைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"பேசுடி. நான் தேடாத எடம் இல்ல. டாக்டர்கிட்டகூடப் போயிக் கேட்டேன். நல்லாருக்கியா? சாப்புட்டியா?"

"நல்லாருக்கேன்மா," என்றாள் ரேவதி.

"மெதுவாப் பேசு. இங்க வீட்ல ஒருத்தி இருக்கா. உன்ன மாதிரியே இருக்கா. உன் புடவையக் கட்டிக்கிறா, உன் செருப்பப் போட்டுக்கிறா. இப்ப வெளிய போயிருக்கா, வந்துருவா."

எனக்கு எதிரில் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு, அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு ரேவதி உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பட்டப்பகல். ஆனால் அந்த அறையில் அவள் இருக்கிறாளா, போனுக்குள் இருக்கிறாளா என்று எனக்கே தடுமாறியது.

யோசிக்க நேரம் இல்லை. எந்த நிமிடமும் அந்தப் பக்கம் போனை வைத்துவிடலாம். நோயாளி நம்பும் பொய்யை நாமே உறுதிப்படுத்தக் கூடாது என்று படித்திருந்தேன். அதே சமயம், நேற்றிலிருந்து அந்த அம்மாவின் வயிற்றில் ஒன்றும் இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் "சாப்பிடச் சொல்" என்று எழுதி ரேவதியின் முன் நகர்த்தினேன்.

அவள் அதைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா, அந்தப் பொண்ண நான்தான் அனுப்புனேன்."

"நீயா?"

"ஆமாம்மா. எனக்கு வேலை இருக்கு, கொஞ்ச நாளைக்கு வர முடியாது. உன்னப் பாத்துக்கச் சொல்லி நான்தான் அனுப்புனேன். நல்ல பொண்ணு. அவ குடுக்குறதச் சாப்புடு. மாத்திரையும் போட்டுக்க."

பிறகு, "மொதல்லயே சொல்லக் கூடாதா? நான் பாவம் அந்தப் பொண்ண என்னென்னமோ பேசிட்டேன்," என்று குரல் வந்தது.

அன்று ரேவதி வீட்டுக்குப் போய் ரசம் சாதம் பிசைந்து கொடுத்தாள். காந்தம்மா சாப்பிட்டார். "எங்க ரேவதி சொன்னா," என்று மட்டும் சொன்னாராம்.

என் நண்பரைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பொய்க்காகத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சாப்பிட்டாங்களா? சரி, நாளைக்கு அழைச்சிட்டு வரச் சொல்லு," என்றார். ரேவதி போனில் சொன்னதால் காந்தம்மா மறுக்காமல் "அந்தப் பொண்ணு"டன் போனார். மூளை மெல்லத் தளர்கிற நோயின் ஆரம்பம் என்று தெரிந்தது. நண்பர் எனக்கு விளக்கியது இதுதான். முகத்தைப் பார்த்ததும் கண் அது யாருடைய முகம் என்று சொல்லிவிடும். ஆனால் நம்மவள் என்கிற உணர்வும் கூடவே எழ வேண்டும். சிலருக்கு அது எழாமல் போய்விடுகிறது. முகம் மகளுடையது, மனம் அசையவில்லை என்றால், இவள் வேறு யாரோ என்றுதான் மனம் முடிவு கட்டும். குரலுக்கு வழி வேறு. முகம் எதிரில் இல்லாதபோது அந்த வழி அவருக்கு இன்னும் திறந்திருந்தது.

"மச்சத்தை எடுத்ததால வந்ததா?" என்று கேட்டேன்.

"எடுக்காம இருந்தாலும் வந்திருக்கும். வேற ஏதாவது ஒரு சாக்கு கெடச்சிருக்கும்," என்றார். அது ஆறுதலாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு, முகத்தில் கை வைக்கும் முன் நான் எல்லோரிடமும் கேட்பதுண்டு: வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? வயதானவர்களுக்கு மறதி உண்டா? தையல் பிரிக்கும்போது அவர்களையும் அழைத்து வந்து பக்கத்தில் நிற்க வைக்க முடியுமா? இந்தக் கேள்விகள் நம் பாடப் புத்தகத்தில் இல்லை. சில நோயாளிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நீங்கள் கேளுங்கள்.

மருந்தால் காந்தம்மாவின் பயம் குறைந்தது. தாழ்ப்பாளும் அண்டாவும் நின்றன. ஆனால் மகள் திரும்பவில்லை என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. ரேவதி தினமும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தொழிற்சாலைக்கு எதிரே இருந்த எஸ்டிடி பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசுவாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய், பகலில் தான் என்ன பேசினாள் என்பதைத் தன் அம்மாவின் வாயாலேயே கேட்பாள். "எங்க ரேவதி இன்னிக்கு இருமுனா. நீங்க பாத்தா கஷாயம் குடிக்கச் சொல்லுங்க," என்பாராம். ரேவதி கஷாயம் போட்டுக் குடிப்பாள்.

பென்சிலை நிறுத்தியதும் புண் அடங்கியது. தடிப்புக்கு சிலிகான் பட்டை ஒட்டினோம். மாதங்கள் போகப் போகச் சிவப்பு மங்கி, தோலின் நிறமே வந்துவிட்டது. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துக் கடைசியாகப் பார்க்க வந்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் மெல்லிய கோடு தெரிந்தது. நான் தைத்தவற்றில் அவ்வளவு நன்றாக ஆறியவை சிலதான். கண்ணாடியை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள், ஆனால் பார்க்கவில்லை. மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"நல்லாருக்காங்க மேடம். நேத்து போன்ல ஒண்ணு சொன்னாங்க." அம்மாவின் குரலிலேயே சொன்னாள். "'வீட்ல இருக்காளே அந்தப் பொண்ணு, பாவம்டி அவ. எத்தன நாளாச்சு, அவளத் தேடிக்கிட்டு ஒருத்தரும் வரல. நீ திரும்பி வந்தாலும் அவள அனுப்பிடாத. இங்கயே இருந்துட்டுப் போகட்டும்.'"

"நீ என்ன சொன்ன?"

"சரிம்மா, இருக்கட்டும்னேன்."